மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் உறுமிக் குழு, பேண்டு என்று பின்னாலேயே போனவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

லிந்தாங் சாலைக்காரன்

நானே தொடங்குகிறேன். குழுவின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் ஈப்போவின் குனோங் சீரோ முருகன் கோவிலுக்குக் காவடி பார்க்கப் போனவர்கள் அட்டைப்படத்தைச் சொன்னாலே கண்டுபிடித்துவிடுவீர்கள்: செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவில் ஒரே நிறச் சட்டையில் இளைஞர்கள், முன்னால் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒல்லியாக ஒருவர். அந்த கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மதுரை வீரனுக்கு ஒரு பாட்டு உண்டு. பாடகர் நிறுத்திய பிறகும் உறுமி தனியாக ஓடும். அந்த இடத்துக்காகவே எத்தனை தோட்டத்துத் திருவிழாவுக்கு மோட்டாரில் போயிருக்கிறேன்!

போன வருடம் ஒரு தீமிதியில் அந்தப் பாடகரைப் பார்த்தேன். இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். உறுமி வாசித்தது அவருடைய சொந்தத் தம்பி. அவர் விபத்தில் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. நான் பழைய கதையைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "அந்த கேசட்டு ஒங்கிட்ட இன்னும் இருக்கா தம்பி? எங்க வூட்ல ஒன்னுகூட இல்ல. அவன் வாசிச்சது அதுல மட்டுந்தான் இருக்கு."

மறுவாரமே கொண்டுபோனேன். லோரியிலேயே பழைய கேசட் ரேடியோ இருந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டார். பாட்டு முடிந்தது, உறுமி தொடங்கியது. கொஞ்ச நேரம்தான் கேட்டார்.

"இது அவன் கை இல்ல."

பாட்டைப் பாடிவிட்டு அன்றைக்கே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். வாத்தியங்களை மறுநாள் எடுத்தார்களாம். கேசட் வெளிவந்தபோது கடையில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே கேட்டதோடு சரி, உட்கார்ந்து கேட்டதே இல்லையாம். கோபமெல்லாம் படவில்லை. கேசட்டை எடுத்து உறைக்குள் வைத்து என் கையில் கொடுத்தார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. நான் நேரில் கேட்டதும் இந்த கேசட்டில் கேட்டதும் ஒரே கை என்றுதான் என் காது இன்றைக்கும் சொல்கிறது. உறுமி வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கூடப் பிறந்தவருக்கு அது தெரியாமல் போகுமா?

உறுமிக்காரன், ஜாலோங்

தெரியாமல் போகாது. அடிக்கிற முகத்தை விடுங்கள், குச்சியடியில் நாங்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றவர்கள்தான். தேய்க்கிற முகம் அப்படி இல்லை. வளைந்த குச்சியை எவ்வளவு அழுத்துகிறான், எந்த இடத்தில் விடுகிறான், முனகல் அடங்குவதற்குள் அடுத்ததை எடுக்கிறானா, இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு இருப்பது வேறு கதை. ஈப்போ தைப்பூசம், சாயங்காலம் நல்ல மழை. எங்களுடையதெல்லாம் ஆட்டுத்தோல், நனைந்து தொய்ந்துவிட்டது. உறுமியில் முனகலே வரவில்லை. எங்கள் காவடிக்காரருக்கு அருள் இறங்கும் நேரம் அது, அவர் தாளம் தேடித் தடுமாறுகிறார். பின்னால் வந்த குழு பிளாஸ்டிக் முகம் மாட்டிய குழு, மழை அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் அவர்களுடைய தவில்காரர் கையைத் தூக்கித் தன் ஆட்களை நிறுத்தினார். எங்கள் உறுமியைத் தங்கள் ஜெனரேட்டர் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு காட்டச் சொன்னார். தோல் இறுகும்வரை எங்கள் காவடிக்குத் தனித் தவிலில் தாளம் கொடுத்துக்கொண்டே நடந்தார். தவில் வாரில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் காவடிக்காரரின் காலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பிளாஸ்டிக் முகம் மாட்டியவர்களை மட்டமாகப் பேசுகிறவர்களோடு அன்றிலிருந்து எனக்குச் சண்டைதான். வாத்தியத்தில் எதை மாட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு குழுவை எடை போடாதீர்கள்.

பழைய ரேடியோ

பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கேசட் விற்ற ஒரு பெரியவர் எனக்கு மட்டும் பிரித்துப் போட்டுக் கேட்க விடுவார். "புடிக்கலன்னா வச்சிட்டுப் போ ஐயா" என்பார். ஒருநாள் ஒரு தோட்டத்துக் குழுவின் கேசட்டைப் போட்டு, அவரே அழுதுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் உறுமிக்கார அண்ணே, நீங்கள் அவசரப்படுகிறீர்கள். லோரி ரேடியோவில் கேட்டதை வைத்து ஒருவர் கையை முடிவு செய்ய முடியாது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பழைய கேசட் பெட்டியில் உள்ளே ஓடும் ரப்பர் வார் தொய்ந்தால் வேகம் குறையும், மோட்டார் திருகு மாறியிருந்தால் கூடும். 6 சதவீதம் மாறினாலே சுருதி அரைப் படி நகர்ந்துவிடும். மேளத்துக்குச் சுருதி மட்டுமா மாறும்? முனகலின் நீளம், அழுத்தம் மாதிரித் தெரிவது, எல்லாமே மாறும். அண்ணனுக்குத் தம்பியின் கை தெரியாமல் போனதற்கு அது போதும்.

லிந்தாங் சாலைத் தம்பி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த கேசட்டை இனி எந்த லோரியிலும் போடாதீர்கள். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லும் உடைந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உடைத்துவிடுங்கள், தெரியாமல் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது. பிறகு வெளிச்சத்தில் நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூசணம். நம் ஊர் ஈரத்துக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். பூசணத்தோடு ஓட்டினால் நாடாவைப் படிக்கிற பெட்டியின் தலைக்கும் ஒட்டி, அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாகத்தான் வரும். கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் திருகு இருந்தால் திறந்து நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய ஓடாக இருந்தால் பழகியவர் கையில் கொடுங்கள்.

நல்ல பெட்டி ஒன்று தேடி, தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நாடாவை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கணினியில் 'வேவ்' கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம், அதை எப்போது வேண்டுமானாலும் பிறகு செய்துகொள்ளலாம். முக்கியமானது இதுதான்: அந்தப் பாட்டில் கீபோர்டு இருக்கிறதா? தோல் தொய்யும், குரல் இறங்கும், கீபோர்டின் சுருதி மட்டும் பொதுவாக அசையாது. கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியை வைத்து ஒரு கீபோர்டு ஸ்வரத்தை அளந்து பாருங்கள். அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, பெரும்பாலும் அவ்வளவுதான் வேகக் கோளாறு. 'ஆடாசிட்டி' என்ற ஒலி மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்தால் அன்றைக்கு ஸ்டூடியோவில் ஒலித்த உறுமியே வந்து நிற்கும். அதைக் கேட்ட பிறகு அந்த அண்ணன் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

ராப் ரசிகன்

எல்லாரும் உறுமியையே பேசுகிறீர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சொந்த வார்த்தையில் சொந்தக் கதையைப் பாடத் தொடங்கியது ராப் வந்த பிறகுதான் என்பது என் கருத்து. 1998-ல் பொயட்டிக் அம்மோ என்ற மலேசிய ராப் குழு தங்கள் முதல் ஆல்பத்திலேயே தமிழையும் சேர்த்தார்கள். 2006-ல் ராப் பாடகர் யோகி பி, நட்சத்திரா குழுவோடு 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது எங்கள் பள்ளியில் காகிதத்தில் வரி எழுதாத பையனே இல்லை.

என் சந்திப்பு சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன மண்டபத்தில். தோட்டத்துப் பையன்கள் சேர்ந்த குழு, ஆல்பமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருவன் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதைப் பாடுகிறான். "ரெண்டு வருசமா வீடு தர்றேன்னான்" என்று ஒரு வரி. முன் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து சத்தமாகச் சொன்னார்: "ரெண்டு இல்லடா, அஞ்சு வருசம்!" அவனுடைய அம்மாதான். மண்டபமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அடுத்த சுற்றில் அதே இடம் வந்தபோது "அஞ்சு வருசமா" என்று மாற்றி, தாளம் இடறாமல் இருக்க வேறொரு சொல்லை முழுங்கிவிட்டுப் போனான். அம்மா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்த மாதிரிச் சரிபார்ப்பு நடந்த பாட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவன் அதைப் பதிவு செய்யவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

எல்பில் மகள்

ராப் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக் கதை ராப்பில்தான் தொடங்கியது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு முனீஸ்வரர், ஒரு காளியம்மா. அந்தச் சாமிக்கு, அந்த ஆலமரத்துக்கு, அந்த ஆற்றங்கரைக்கு என்று பாட்டு வேறு எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டிலிருந்து யாராவது எழுதி அனுப்புவார்களா? வெளிக்காட்டு வேலை முடிந்து வந்து அந்தக் குழுப் பையன்களே எழுதினார்கள். மெட்டு சில நேரம் சினிமாவிலிருந்து வந்திருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். வார்த்தை எங்களுடையது. அதற்கும் முன்னால் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் இசைக்குழுக்கள் வந்து பாடியதை என் அப்பா காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள். பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள் அல்லிகேட்ஸ் குழுவோடு மலாய்ப் பாட்டில் நாடு முழுக்கப் பெயரெடுத்ததும் ராப்புக்கு வெகு காலம் முந்தியதுதான்.

எல்பில் தோட்டம் என்றால் எல்லாருக்கும் 1948 ஜூன் மாதம் கம்யூனிஸ்ட் ஆட்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைச் சுட்டதுதான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு திருவிழா இரவு. தோட்டத்து ஆட்கள் பாதிக்கு மேல் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள், திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வந்திருந்தோம். உறுமிக் குழுவின் பாடகர் சாமியை வரவழைக்கிற பாட்டில் திடீரென்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். லயத்து வீட்டு வரிசைப்படி, ஒரு வீடு விடாமல், இன்னார் குடும்பம் வந்திருக்கு, இன்னார் பிள்ளை வந்திருக்கு என்று. என் அப்பா பெயரும் வந்தது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. அந்தப் பாடகர் எங்கள் தோட்டத்து ஆளே இல்லை! யாரிடம் கேட்டு, எப்போது மனப்பாடம் செய்தார்? பாட்டு முடிந்ததும் தேடிப் போனேன். அதற்குள் வேனில் ஏறிவிட்டார்கள், அன்றிரவே வேறு தோட்டத்தில் அவர்களுக்கு இன்னொரு பூசை.

லிந்தாங் சாலைக்காரன்

பழைய ரேடியோ ஐயாவுக்கு நன்றி. பூசணம் இல்லை. ஈப்போவில் ஒரு நண்பர் வீட்டுப் பெட்டியில் போட்டு, அந்தப் பாட்டின் கீபோர்டை அளந்தோம். கிட்டத்தட்ட அரைப் படி மேலே இருக்கிறது. அந்த ஒரு பாட்டில் மட்டும்தான், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. ஆக, கோளாறு ஸ்டூடியோவில் பதிந்தபோதே நடந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்டால் உறுமி இன்னும் கனமாக, நிதானமாக இருக்கிறது. அது யார் கை என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் அவரிடம் கொண்டுபோகிறேன்.

உறுமிக்காரன், ஜாலோங்

கொண்டுபோங்கள். ஆனால் "வேகத்தைச் சரிபண்ணிட்டேன்" என்று முன்கூட்டிச் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் தம்பிதான் என்று தன் காதை நம்பவைத்துக்கொள்வார்.

பம்பைக்காரர் மகள்

கேசட் விவகாரத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்த்தது ஒரு தவில் வாசித்த பெண்ணை. கொரோனா காலத்து நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் முடிந்து திருவிழாக்கள் மறுபடி தொடங்கிய நேரம். அவள் அப்பாவின் குழுவில் பாதிப் பேர் வேலை தேடி சிங்கப்பூர் போய்விட்டதால் தவிலுக்கு ஆள் இல்லை. இவள் எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்பாவின் விரல் கூடுகள் அவளுக்குப் பெரிது, கழன்று விழாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். திருவிழாக் குழுவில் ஒருவர் வந்து, "பின்னால நின்னு வாசிம்மா, முன்னால ஆம்பளப் பசங்க நிக்கட்டும்" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்து, "அக்கா, புடிங்க" என்றாள். கரகம் கிளம்பியது. இரண்டாவது தெரு திரும்புவதற்குள் முன்னால் நின்ற பையன்கள் தாளத்துக்காக அவள் பக்கம் திரும்பி, பின்பக்கமாகவே நடந்து வாசித்துக்கொண்டு வந்தார்கள். அவள் நின்ற இடம்தான் முன்வரிசை ஆகிவிட்டது.

என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பம்பை வாசித்தவர். என்னைத் தொடவிட்டதில்லை. அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்த இரவு எனக்கு என்னவாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உறுமிக் குழு நடத்துகிற அண்ணன்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் குழுவில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, பம்பை வேண்டும் என்கிறாள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் வரை எங்கே என்றாலும் ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிவருவேன்.