பரிசல் மாதிரி வட்டமான போர்க்கப்பல் ரஷ்யாவில் நிஜமாகவே இருந்ததா?

ஊட்டமலைக்காரன்:
எங்கள் சித்தப்பா ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறார். பிலிகுண்டுலுவில் தண்ணீர் கூடியதால் இரண்டு நாளாகத் தடை. பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தவரிடம் போனில் வந்த படத்தைக் காட்டினேன். தாம்பாளம் மாதிரி வட்டமான இரும்புக் கப்பல், நடுவில் இரண்டு பீரங்கி, பெயர் நோவ்கோரோத். சுட்டால் பம்பரமாகச் சுற்றுமாம். "எவனோ கதை உடறான்டா" என்றார். நிஜமா?

ஓசூர் லேத்து:
கப்பல் நிஜம், பம்பரம்தான் கதை. 1856 பாரிஸ் ஒப்பந்தத்தால் கருங்கடலில் ரஷ்யா பெரிய போர்க்கப்பல் வைக்கக் கூடாது. 1871இல் அந்தக் கட்டு நீங்கியது. ஆழமில்லாத கரையோரத்தைக் காக்க அட்மிரல் போபோவ் போட்ட கணக்கு இது: அதே பரப்புக்கு வட்டத்துக்குத்தான் சுற்றளவு குறைவு, அதனால் கவசத் தகடும் குறைவு, அதையே தடிமனாகப் போடலாம். பீட்டர்ஸ்பர்கில் பாகங்கள் செய்து, கருங்கடல் பக்கம் உள்ள நிகோலாயெவில் பூட்டி, 1873இல் தண்ணீரில் இறக்கினார்கள். குறுக்களவு 101 அடி. 6 எஞ்சின், 6 ப்ரொப்பெல்லர்.

பீரங்கிகள் தனித்தனியாகத் திரும்பும் மேடையில் இருந்தன. மேடையைப் பிடித்து நிறுத்தும் பூட்டு பலவீனம், சுட்டதும் மேடை திரும்பிக்கொண்டது. லேத்தில் வெட்டும் கருவியைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டை டைட் செய்யாமல் கட் கொடுத்துப் பார்த்தவனுக்கு இது புரியும். பிறகு பூட்டைப் பலப்படுத்தினார்கள். கப்பலோ சுற்றச் சொன்னாலும் சுற்றாது: ஒரு முழு வட்டம் அடிக்க 40 நிமிடத்துக்கு மேல்!

மாங்காத்தோப்பு, கிருஷ்ணகிரி:
அப்புறம் சண்டைக்குப் போனதா?

ஓசூர் லேத்து:
1877 துருக்கிப் போரில் ஒடெசா துறைமுகத்துக்குக் காவல் நின்றது, சொல்லும்படி ஒன்றுமில்லை. வேகமே மணிக்கு 6, 7 கடல் மைல்தான். இதைவிடப் பெரிதாக இன்னொரு வட்டக் கப்பல் கட்டி, அதற்குப் போபோவ் பெயரையே வைத்தார்கள். நோவ்கோரோத்தை 1903இல் படையிலிருந்து நீக்கி, 1911இல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

ஊட்டமலைக்காரன்:
நன்றிங்கண்ணா. சித்தப்பாவிடம் எல்லாம் சொன்னேன். "அந்த ஆறு காத்தாடியும் எந்தப் பக்கம்?" என்றார். பின்னால் என்றேன். "முன்னாடி குந்திக்கிட்டுத் தண்ணியை நம்ம பக்கம் இழுக்கோணும்டா. வட்டமா இருக்கிறதைப் பின்னாடி இருந்து தள்ளுனா அது எங்க பேச்சு கேக்கும்?" என்று சொல்லிவிட்டுத் தார் டப்பாவை அடுப்பில் வைக்கப் போய்விட்டார்.