அம்மாவுக்கு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 16 மாதம் ஆகிறது. அம்மாதான் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது அம்மாவுக்கே ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. நெஞ்செரிச்சல், பிடரி வலி, காலையில் எழுந்ததும் தாடை வலி. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. போன வாரம் உலை வைத்துவிட்டு, அரிசி போட்டோமா என்று மூன்று தடவை மூடியைத் திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. மன அழுத்தம் என்கிறார் டாக்டர். ஆபத்து நேரத்தில் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து உடம்பைத் தயார்ப்படுத்தும், ஆபத்து போனதும் அடங்கிவிடுமாம். அம்மாவுக்கு அடங்க நேரமே இல்லை. அப்பா லேசாக இருமினாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தூக்கம், செரிமானம், ஞாபகம் எல்லாம் அதில்தான் அடிபடுகின்றன.

கவுன்சலிங் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம் என்று போனைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் இப்படி நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பகலில் மட்டும் ஆள் வைத்தீர்களா? அவர்களை நம்பி விட்டுவிட்டு ஓய்வெடுக்க உங்கள் அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? பல் கடிப்பதற்கு நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை) உதவியதா? மருந்துப் பெயர்கள் வேண்டாம், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்.