மகளை மறுபடியும் பத்தாம் வகுப்பில் போட்டுவிட்டார்கள், பிஎஸ்/எம்டி கனவு என்னாகும்? நியூ ஜெர்சி நண்பர்கள் உதவுங்கள்

நெல்லைத் தாய்:
வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மகள் ஊரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தாள். பத்தாம் வகுப்பில் 500-க்கு 487. சிறு வயதிலிருந்தே டாக்டர் ஆக வேண்டும் என்பாள். இங்கே பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டமும் மருத்துவமும் சேர்ந்தாற்போல் ஏழெட்டு வருடத்தில் முடிக்கும் பிஎஸ்/எம்டி படிப்பு இருக்கிறது என்று கணவரின் அலுவலக நண்பர் சொன்னார். அதை நம்பித்தான் அங்கே பிளஸ் ஒன் சேர்க்காமல் அழைத்து வந்தோம். நேற்றுப் பள்ளியில் அவளைத் திரும்பவும் பத்தாம் வகுப்பில் போட்டுவிட்டார்கள். அறிவியலுக்குச் சாதாரண பயாலஜி. போதாததற்கு ஆங்கிலத் தேர்வு வேறு எழுத வேண்டுமாம். பிள்ளை சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாள். வியாழக்கிழமை, பாடங்களை ஒதுக்கித் தரும் பள்ளிக் கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம். ஒரு வருடம் வீணாகிவிட்டதா? இப்போதிருந்தே என்னென்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாலஸ் அப்பா:
சகோதரி, கலங்க வேண்டாம். நாங்கள் 2009-ல் வந்தபோது முதல் நான்கு மாதம் கார் கிடையாது. கடன் வரலாறு இல்லை என்று வீடு வாடகைக்குத் தர மறுத்தார்கள். பால் வாங்கக் கொளுத்தும் வெயிலில் இரண்டு மைல் நடந்திருக்கிறேன். அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டோம், நீங்களும் தாண்டுவீர்கள். விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்புகளில் போட்டி கடுமை. பிரௌன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுப் படிப்புக்குச் சில ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், நூறு பேரைக்கூட எடுப்பதில்லை. ஆகவே பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களான ஏபி பாடங்களை ஒன்றுவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள். குறைந்தது எட்டு வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1550-க்குக் குறையக் கூடாது. ஆராய்ச்சி, அறிவியல் போட்டி, வாத்தியம், விவாத மேடை எல்லாம் இந்த வருடமே தொடங்கிவிட வேண்டும்.

எடிசன் வாசி:
டாலஸ் அண்ணா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மூத்தவன் ஒரே வருடத்தில் ஐந்து ஏபி எடுத்தான். பிப்ரவரியில் உடம்பு விழுந்துவிட்டது. மே மாதத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மூன்றுதான் வாங்கினான், பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏவும் இறங்கியது. வந்த வருடத்திலேயே பிள்ளையைப் பிழியாதீர்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, கால்குலஸ் மூன்றிலும் ஏபியில் நன்றாகச் செய்தால் போதும். இன்னொன்று, ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பவர்களிடம் போய்விடாதீர்கள். நாங்கள் கொடுத்து ஏமாந்தோம். பள்ளிக் கவுன்சிலர் காசு வாங்காமல் சொன்னதற்கு மேல் அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கிளீவ்லாந்து தமிழன்:
மன்னிக்கவும், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே. பதினைந்து வருடம் வரி கட்டியும் எனக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. இங்கே மருத்துவம் படிக்க ஆகும் செலவுக்கு ஊரில் இரண்டு வீடு கட்டலாம். பிள்ளையைத் திருப்பி அனுப்பி நீட் எழுத வையுங்கள் அக்கா.

டாலஸ் அப்பா:
நீட் அவ்வளவு எளிதா தம்பி? ஒரு வருடம் இரண்டு வருடம் கோச்சிங்கிலேயே கழித்த பிள்ளைகளை நம் வீட்டிலேயே பார்க்கிறோம்.

கிளீவ்லாந்து தமிழன்:
இங்கே மட்டும் எளிதா? என் மனைவி ஊரில் எம்பிபிஎஸ் முடித்தவர். இங்கே டாக்டர் உரிமத்துக்கான யூஎஸ்எம்எல்இ தேர்வு எழுதி, மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சி கிடைப்பதற்குள் முப்பத்தைந்து வயதாகிவிட்டது. அந்த வருடங்களில் பனியில் சிக்கிக்கொண்டு, பேச ஆளில்லாமல் அவர் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

எடிசன் வாசி:
குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நானும் ஒரு புத்தகமே எழுதுவேன். காப்பீடு இருந்தும் ஒரு அவசர சிகிச்சைக்கு வந்த பில்லை இரண்டு வருடம் கட்டினோம்.

மருத்துவ மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். நானும் பத்தாம் வகுப்பு முடித்துத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். இப்போது இப்படியொரு ஏழாண்டுப் படிப்பில் இருக்கிறேன். வியாழனுக்கு இரண்டே நாள் இருப்பதால் கேள்விக்குத் திரும்புகிறேன்.

அம்மா, முக்கியமான இரண்டை நீங்கள் சொல்லவே இல்லை. உங்கள் விசா என்ன? மகளின் பிறந்த மாதம் எது? அதைப் பொறுத்துத்தான் எந்தக் கதவு திறக்கும் என்பது.

கவுன்சிலர் பற்றி முதலில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘அறிவியல்’ என்று ஒரே வரிதான் இருக்கும். இங்கே பயாலஜி ஒரு வருடம், கெமிஸ்ட்ரி ஒரு வருடம், பிசிக்ஸ் ஒரு வருடம் என்று தனித்தனியாகப் படிப்பார்கள். அந்த ஒரு வரியைப் பார்க்கிறவருக்கு உங்கள் மகள் மூன்றையும் படித்தது எப்படித் தெரியும்? என் கவுன்சிலரும் என்னை அடிமட்ட வகுப்பில்தான் போட்டார். அப்பா அன்று இரவே ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல்களின் ஆங்கில வழிப் பதிப்பை இணையத்திலிருந்து இறக்கிப் பொருளடக்கத்தை அச்செடுத்தார். வேதிச் சமன்பாடு, மின்னோட்டம், மரபியல் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே பச்சைப் பேனாவால் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி என்று எழுதினார். மறுநாள் கவுன்சிலர் அந்தத் தாளை ஐந்து நிமிடம் பார்த்தார். என்னை ஹானர்ஸ் கெமிஸ்ட்ரிக்கு, அதாவது சாதாரண வகுப்பைவிட உயர்ந்த பிரிவுக்கு, மாற்றிவிட்டார். நீங்களும் அதைச் செய்யுங்கள். கணிதத்துக்குத் தகுதித் தேர்வு கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பழைய பள்ளியிலிருந்து முத்திரையோடு வாங்கிவிடுங்கள். இங்கே மதிப்பெண் பதிவேடான டிரான்ஸ்கிரிப்ட் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கும், ஊரில் அந்த வருடத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

மறுபடியும் பத்தாம் வகுப்பா என்று மனம் உடைய வேண்டாம். நியூ ஜெர்சியில் பள்ளி முடிக்க 120 கிரெடிட், அதாவது பாடப் புள்ளி, வேண்டும். அதில் அமெரிக்க வரலாறு மட்டும் இரண்டு வருடம். பதினொன்றில் போட்டால் பல பாடங்களை நெருக்கியடித்து முடிக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத் தேர்வும் அவமானமில்லை. சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று எழுதியிருப்பீர்கள், அதனால்தான் கூப்பிடுகிறார்கள். நன்றாக எழுதினால் அத்தோடு முடிந்தது.

நெல்லைத் தாய்:
மகளே, உனக்குக் கோடி நன்றி. கணவர் எச்-1பி வேலை விசா, நானும் மகளும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. கிரீன் கார்டுக்கு நிறுவனம் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவளுக்கு வரும் அக்டோபரில் 16 முடிகிறது.

மருத்துவ மாணவி:
அப்படியானால் கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாய்ப்பு, காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சியும் ரட்கர்ஸ் நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் ஏழாண்டுப் படிப்பு. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பெரும்பாலான பிஎஸ்/எம்டி படிப்புகளிலும் இதே விதிதான். பிரௌன் வெளிநாட்டு மாணவர்களையும் பார்க்கிறது, ஆனால் போட்டியை மேலேயே சொல்லிவிட்டார்கள். எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்விக் கடனும் உதவித்தொகையும் கிடையாது.

இரண்டாவது, 21 வயது முடிந்தால் எச்-4 போய்விடும். பத்தாம் வகுப்பில் தொடங்கினால் கல்லூரி மூன்றாம் ஆண்டு அக்டோபரில் அவளுக்கு 21. அப்போது எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அந்த விசாவில் இருப்பவர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. நான்கு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டி வைக்கச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே கிரீன் கார்டு விண்ணப்பத்தை எப்போது தொடங்குவார்கள் என்று உங்கள் கணவர் இந்த வாரமே அலுவலகத்தில் கேட்கட்டும். குடியேற்ற வழக்கறிஞரிடம் மகளின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். ஏபி எத்தனை என்பதைவிட இதுதான் அவசரம்.

கனவைக் கைவிடச் சொல்லவில்லை. நான்கு வருடப் பட்டம், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, பிறகு நான்கு வருட மருத்துவம் என்பதுதான் இங்கே பெரும்பாலான டாக்டர்கள் வந்த வழி. இப்போது செய்வதெல்லாம் அதற்கும் உதவும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றையும் பன்னிரண்டுக்குள் முழுதாகப் படிக்கட்டும். கிளீவ்லாந்து அண்ணன் சொன்ன நீட் வழியும் அப்போது அடைபடாது. இங்கே படித்தது ஊரின் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று சான்று வாங்க வேண்டியிருக்கும்.

மருத்துவமனைத் தன்னார்வப் பணிக்குக் கோடைக்கால விண்ணப்பம் பல இடங்களில் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஜனவரியிலேயே விசாரியுங்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். ஊரில் நமக்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் கை வீங்கி, நோய் இருப்பதுபோல் காட்டலாம். எனக்கு அப்படி வீங்கி, வீடே பயந்துபோனது. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். அதைப் பிசிஜி குழப்பாது. சம்பளமோ உதவித்தொகையோ தரும் பயிற்சி எதிலும் எச்-4-ல் சேரக் கூடாது, சம்பளமில்லாத தொண்டு மட்டும்.

மருத்துவமனை கிடைக்கவில்லை என்றால் முதியோர் இல்லம் போதும். நான் சனிக்கிழமைதோறும் ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டு கொண்டு போனேன். ஒரு தாத்தா யாரோடும் பேச மாட்டார், கோபக்காரர் என்றார்கள். மூன்றாவது வாரம்தான் அவர் காது கேட்கும் கருவியில் பேட்டரி தீர்ந்திருப்பதைக் கவனித்தேன். மாற்றியதும் ஒரு மணி நேரம் பேசினார். பதினேழு வயதில் மருத்துவம்தான் என்று எப்படி முடிவு செய்தாய் என்று நேர்காணலில் கேட்டபோது நான் சொன்னது அதைத்தான். ஆராய்ச்சி, பரிசு எதுவும் என்னிடம் இல்லை.

டாலஸ் அப்பா:
இந்தப் பெண் சொன்னது சரி. விசாவைக் கேட்காமலே நான் எட்டு ஏபி என்று எழுதிவிட்டேன். என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அந்தக் கவலை எங்களுக்கு வரவில்லை. மன்னியுங்கள் சகோதரி.

நெல்லைத் தாய்:
வியாழக்கிழமை போய் வந்தோம். பொருளடக்கத்தில் நாங்கள் ஊதாப் பேனாவால் எழுதிக்கொண்டு போனோம். ஹானர்ஸ் கெமிஸ்ட்ரி கொடுத்துவிட்டார்கள். கணிதத் தேர்வு அடுத்த செவ்வாய். பத்தாம் வகுப்பு பத்தாம் வகுப்புதான், மாற்றவில்லை. விசா விஷயத்தை மகளிடம் மறைக்காமல் சொன்னோம். நிறைய நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, நான்கும் நான்கும் எட்டு வருடம்தானே அம்மா, படிக்கிறேன் என்றாள். இரவு இரண்டு தோசை சாப்பிட்டாள். கணவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்கிறார். ஒன்பதாம் வகுப்புச் சான்றுக்கு என் தம்பி பழைய பள்ளிக்குப் போயிருக்கிறான்.

எடிசன் வாசி:
அக்கா, பெரியவனின் ஏபி கெமிஸ்ட்ரி, எஸ்ஏடி புத்தகங்கள் வீட்டில் சும்மா இருக்கின்றன. உங்கள் மகள் உயரத்துக்குச் சரியாக வரும் குளிர் கோட்டும் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை வாருங்கள். கார் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே வந்து அழைத்துப் போகிறேன்.