பிள்ளைகளின் வகுப்புகளுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
மகளுக்கு 9 வயது: வயலின், நீச்சல், சதுரங்கம். மகனுக்கு 6: நீச்சல், ஓவியம். நேற்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். மாதாமாதம் நாங்கள் சேமிக்கும் தொகையைவிட வகுப்புகளுக்குப் போவது அதிகம். கணவர் பாதியை நிறுத்தச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கணக்குப் பிள்ளை:
முதலில் சேமிப்பு, அவசரத்துக்கு ஒரு கையிருப்பு. மீதியில்தான் வகுப்புகள். கட்டணத்தை மட்டும் கூட்டியிருந்தால் திரும்பக் கூட்டுங்கள். வயலினே கால், அரை, முக்கால் என்று அளவு மாறிக்கொண்டே போகும். கை வளர வளர மாற்ற வேண்டும், அதனால் வாடகைக்கு எடுப்பது மேல். அப்புறம் தேர்வுக் கட்டணம், போட்டிக் கட்டணம், உடை, போக்குவரத்து. ஒரு வருடத்துக்கான மொத்தத்தை எழுதினால்தான் உண்மை தெரியும்.

வாய்ப்புக் கிடைக்காதவன்:
எல்லாம் சரி, ஆனால் பிள்ளையின் ஆசையை மீதிக் காசில் வைக்காதீர்கள். சிறு வயதில் மிருதங்கம் கற்க ஆசைப்பட்டேன். வீட்டில் "பிறகு பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. இப்போது 41 வயதில் கற்கிறேன், விரல் சொன்னபடி கேட்பதில்லை. சேமிப்பை இரண்டு வருடம் கழித்துக்கூட ஏற்றிக்கொள்ளலாம். 9 வயது திரும்பி வருமா?

கணக்குப் பிள்ளை:
நான் மறுபக்கத்தில் இருந்தவன். என் சதுரங்கப் பயிற்சிக்கு அப்பா கடன் வாங்கினார். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் கடன்தான் கண்முன் நின்றது. 13 வயதில் விட்டுவிட்டேன். வீட்டுக்கு மீறிய செலவின் பாரம் பிள்ளையின் தலையிலும் இறங்கும்.

வாய்ப்புக் கிடைக்காதவன்:
அது வருத்தமான விஷயம். ஆனால் இந்த அம்மா கடன் வாங்கவில்லையே.

நீச்சல் பயிற்சியாளர்:
நீச்சலை மற்றதோடு சேர்க்காதீர்கள், அது உயிர் காக்கும் திறன். அதற்காக வருடக்கணக்கில் கட்டவும் வேண்டாம். ஆழமான நீரில் மிதந்து, திரும்பி, தானாகக் கரைக்கு வரத் தெரிந்த பிறகு தொடர்வது விருப்பம்தான்.

இன்னொன்று. சீக்கிரமே ஒரே விளையாட்டில் இறக்கி, வருடம் முழுக்கப் பயிற்சி என்று பணம் வாங்குகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016ஆம் ஆண்டு அறிக்கையில், பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொன்னது. உலக சுகாதார அமைப்பு 5 முதல் 17 வயதுக்காரர்களுக்குச் சொல்வது, சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு. ஓடிப் பிடித்து விளையாடினாலும் அதில் சேரும், அதற்குக் கட்டணம் இல்லை.

வாய்ப்புக் கிடைக்காதவன்:
விளையாட்டுக்குச் சரி, ஐயா. இசைக்கு அப்படிச் சொல்ல முடியாது. காது சின்ன வயதில் பழகுவதுபோல் பிறகு பழகாது.

கணக்குப் பிள்ளை:
அப்படியானால் இசைக்குக் கொடுங்கள், வேறொன்றைக் குறையுங்கள். மகளையே கேளுங்கள். யாரும் சொல்லாமல் தானாக எடுத்து வாசிக்கிறாளா? கட்டிய பணம் வீணாகிறதே என்று தொடர்வது மட்டும் வேண்டாம். அது போன பணம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
கேட்டேன். சதுரங்கம் தோழிக்காகப் போனாளாம், வேண்டாம் என்றாள். மகனுக்கு ஓவியத்தில் பிடித்தது அந்த வண்ணங்கள்தான், அதை வீட்டிலேயே கொடுக்கலாம். நீச்சல் இருவருக்கும், கரைக்கு வரத் தெரியும் வரை. வயலினைத் தொடர விரும்புகிறாள், ஆனால் தேர்வு எழுத மாட்டாளாம். ஆசிரியர் தேர்வு கட்டாயம் என்கிறார்.

வாய்ப்புக் கிடைக்காதவன்:
ஆசிரியரை மாற்றுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

கணக்குப் பிள்ளை:
மாற்றுவது சரிதான். கூடுதல் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.