அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் குற்றாலம் போகலாமா?

பாளையங்கோட்டைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 50 வயது. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. போன ஐப்பசியில் அம்மா தவறிவிட்டாள். சேரன்மகாதேவி பக்கத்தில் எங்கள் ஊர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை இங்கே கூட்டிவந்துவிட்டோம். அப்பாவுக்கு 76. அண்ணன் ஓசூரில் இருக்கிறான். என் மகள் வேலைக்குச் சென்னை போய் ஒரு வருஷம் ஆகிறது. மகள் போன வீட்டுக்கு அப்பா வந்திருக்கிறார். வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டான் பக்கம் ஷிப்ட் வேலை, அதனால் பல நாள் சாயங்காலம் அப்பா தனியாகத்தான் இருப்பார்.

நாங்கள் நாலு பேர் சாரா டக்கர் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். 1996-இல் படிப்பு முடிந்ததும் சாரலுக்குக் குற்றாலம் போனோம். அதிலிருந்து வருஷா வருஷம் இரண்டு நாள், ஒரு ராத்திரி. பிள்ளை பெற்ற வருஷம் ஒருத்தி வராமல் இருந்திருப்பாள், ஆனால் பயணம் நிற்காது. கொரோனாவில் அருவியை அடைத்துப் போட்டிருந்தபோதுதான் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

இந்த வருஷம் போகலாமா என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னால், "போயிட்டு வா தாயி, நான் என்ன சின்னப்பிள்ளையா" என்கிறார். அவர் தடுத்தால்கூட எனக்குச் சுலபமாக இருக்கும். மாசியில் ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் மதுரை போக வேண்டியிருந்தது. சமைத்து வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குழம்பு வைத்தபடியே இருக்கிறது. மோர் விட்டுச் சாப்பிட்டேன் என்றார். அவருக்கு நாலு பல்தான் மிச்சம், ராத்திரி சாப்பிட்டதும் வெற்றிலையை இடித்துக் கொடுக்கணும். அம்மா இருந்தவரை அம்மா செய்தாள். இப்போது நான் இஞ்சி, மிளகு தட்டுகிற சின்ன உரலைக் கழுவி, இரண்டு வெற்றிலை, ஒரு துண்டு பாக்கு, நகக்கண் அளவு சுண்ணாம்பு வைத்து இடித்துக் கொடுக்கிறேன். அவராக ஒருநாளும் கேட்டதில்லை. நான் இடிக்கிற சத்தம் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து சமையலறை வாசலில் வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். மதுரைக்குப் போன அந்த இரண்டு ராத்திரியும் வெற்றிலை போடவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

வருஷம் திரும்பவில்லையே, அதற்குள் குற்றாலமா என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். அதுவும் மனதில் கிடக்கிறது. இப்படி ஒரு வருஷத்தைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலகரம்:

அக்கா, குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன், பயண விஷயம் மட்டும் சொல்கிறேன். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பேரருவியில் பெண்கள் பக்கம் தலையைக் கொடுக்கவே அரை மணி நேரம் நிற்கணும். செவ்வாய், புதன் வாருங்கள். ஆடி அமாவாசையை ஒட்டியும் வராதீர்கள், பாபநாசம், காரையாறு போகிற கூட்டத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் பஸ்ஸில் இடம் கிடைக்காது.

விடிவதற்குள் ஐந்தருவிக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறியபிறகு புலியருவி போதும், சின்ன அருவி, நிதானமாகக் குளிக்கலாம். மலையில் மழை கனத்தால் தண்ணீர் திடீரென்று ஏறும், உடனே குளிக்க விடமாட்டார்கள். அப்போது வாதாடாமல் வெளியே வந்துவிடுங்கள். சோப்பு, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை. சாரல் வேண்டுமென்றால் ஆனி, ஆடிதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்தக் காற்று இறங்கி வருவது இந்த மாதங்களில்தான். ஐப்பசி மழையிலும் அருவியில் தண்ணீர் விழும், ஆனால் இந்தக் காற்று இருக்காது. தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம்தான்.

முக்கூடல் மதினி:

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் மாமனார் துஷ்டிக்குப் பிறகு ஒரு வருஷம் நான் எங்கேயும் போகவில்லை. கோயில் கொடைக்குக்கூடப் போகவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து அல்ல. அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கே கிளம்ப மனசு வரவில்லை. அந்த ஒரு வருஷம் வீட்டில் இருந்ததற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டது இல்லை. அருவி அடுத்த வருஷமும் விழும். தோழிகளும் புரிந்துகொள்வார்கள்.

வண்ணார்பேட்டை அக்கா:

தங்கச்சி, நான் உனக்குப் பத்து வயசு மூத்தவள், அதனால் ஒருமையில் எழுதுகிறேன்.

வருஷம் திரும்பாததைப் பற்றி முதலில். நல்ல நாள் கொண்டாடுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை, கல்யாண வீட்டில் முன்னால் போய் நிற்பதில்லை. நம் பக்கம் இவ்வளவுதான் பார்ப்போம். தோழிகளோடு போய் அருவியில் தலையைக் காட்டிவிட்டு வருவது இதில் எதிலும் சேராது. மதினி சொன்னது அவர்கள் மனசு. அது அவர்களுக்குச் சரி. உன் மனசு எங்கே இருக்கிறது என்று நீதான் பார்க்கணும்.

இப்போது உன் அப்பா. எங்கள் அப்பாவையும் நான் இப்படித்தான் கூட்டிவந்தேன். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர், எதிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் அவர் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனார். அம்மாவை நினைத்து வாடுகிறார் என்றே நினைத்தேன். ஒருநாள் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர் அப்படியே வீட்டுக்கும் வந்தார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினார்கள். எந்த வயலில் என்ன நட்டிருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் எந்த மடைவரை வந்தது, யார் வீட்டு மாடு கன்று போட்டது, இதுதான் பேச்சு. அன்றைக்கு அப்பா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண்டாட்டியோடு சேர்த்து அவர் ஒரு ஊரையே இழந்திருந்தார். பாதியை எமன் எடுத்தான், மீதியை நான் எடுத்துவிட்டேன். இதை நான் கண்டுகொள்வதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அதனால் கேட்கிறேன். உனக்கு நாலு பேர் இருப்பதுபோல் உன் அப்பாவுக்கு ஊரில் யார் யார் இருக்கிறார்கள்? ஐப்பசிக்குப் பிறகு அவர் ஊருக்குப் போனாரா? நீ குற்றாலத்தில் இருக்கிற இரண்டு நாளும் அவரும் ஊரில் இருக்கட்டுமே.

அம்பை:

அக்கா சொல்வது நல்ல யோசனை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பூட்டிக்கிடந்த வீட்டில் அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். எங்கள் பெரியப்பா அப்படிப் போய்ப் படுத்தவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தார். சித்தப்பா வீட்டிலேயே தங்கட்டும். பகலில் வேண்டுமானால் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு வரட்டும். மாத்திரையை வேளை வேளையாகப் பிரித்துப் பொட்டலம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஐப்பசிக்குப் பிறகு அப்பாவை நான் ஊருக்குக் கூட்டிப்போகவே இல்லை. அவரும் கேட்கவில்லை. போனால் அழுவார் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். நாங்கள் எப்போதும் செங்கோட்டை பாசஞ்சரில்தான் போவோம். மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே அதுதான் பழக்கம், பாதை மாற்றுகிற வேலை நடந்தபோதுதான் பஸ்ஸில் போனோம். வண்டி சேரன்மகாதேவியில் நிற்கும்போது அம்மா பிளாட்பாரத்தில் நிற்பாள். கையில் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு, வாழை இலையில் மடித்த தேங்காய்த் துவையல், நாலு பேருக்கும். வண்டி நிற்பதே கொஞ்ச நேரம். ஜன்னல் வழியாகத் தூக்குவாளியை உள்ளே தள்ளிவிட்டு, "ஏட்டி, வழுக்கும், பார்த்துக் குளிங்க" என்பாள். நாற்பது வயதிலும் எங்களுக்கு அதே வார்த்தைதான். வண்டி கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது வாளியைத் திறப்போம். போன வருஷம் முழங்கால் வலியோடு வந்து நின்றாள். எதற்கும்மா இந்தக் காலோடு வந்தாய் என்று கோபப்பட்டேன். அதுதான் அந்த ஸ்டேஷனில் நான் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

எழுத எழுதத்தான் எனக்கே தெரிகிறது. அப்பா ஒரு ராத்திரி வெற்றிலை போடாமல் இருப்பது ஒரு கவலைதான். ஆனால் அந்தப் பிளாட்பாரத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. காரில் போய்விடுவோம் என்று தோழிகள் சொன்னார்கள். சரி என்றுதான் நானும் சொல்லியிருந்தேன்.

அப்பாவிடம் இன்று ராத்திரி கேட்கிறேன்.

வண்ணார்பேட்டை அக்கா:

கேள். அவர் உடனே வேண்டாம் என்பார். ஒரு நாள் விட்டு மறுபடி கேள்.

பாளையங்கோட்டைக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போய்விட்டு வந்தோம்.

அக்கா சொன்னது போலவே அப்பா முதல் நாள் வேண்டாம் என்றார். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவராகவே, "கன்னடியன் கால்வாயில தண்ணி விட்டாச்சாம், பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வருவோமா அப்பா என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். அன்று சாயங்காலமே வேட்டி இரண்டைத் துவைத்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். கிளம்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சரில்தான் போனோம். காரை வேண்டாம் என்றேன், மூன்று பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புளிச்சோறு கட்டி வந்தவள் பேட்டையில் ஏறியவள். சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலை எழுந்து செய்திருக்கிறாள். அம்மா கைப்பக்குவம் இல்லை, எள் பொடி கொஞ்சம் தூக்கல். ஆனால் வாழை இலையில் துவையல்கூட மடித்து வைத்திருந்தாள்.

சேரன்மகாதேவி வந்ததும் அப்பாவை இறக்கிவிட நானும் இறங்கினேன். சித்தப்பா வந்திருந்தார், கூட அப்பா வயதில் இரண்டு பேர். அதில் ஒருவர் அப்பாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு, "என்னவே, டவுன்காரரா ஆயிட்டீரு" என்றார். அப்பா சிரித்தார். அம்மா நிற்கிற இடம் வேப்பமரத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு. நான் அதைப் பார்த்தேன். வண்டி ஊதிவிட்டது, ஓடி ஏறிக்கொண்டேன். ஆற்றுப் பாலம் வரை நாலு பேரும் பேசவில்லை. பிறகு வாளியைத் திறந்தோம்.

மேலகரம் தம்பி, நீங்கள் சொன்னபடி விடிவதற்குள் ஐந்தருவிக்குப் போனோம். கூட்டமே இல்லை. அருவிக்குள் நின்று நான் நன்றாக அழுதேன். அங்கே யார் அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரம்புட்டான் வாங்கிக்கொண்டு புதன்கிழமை மத்தியானம் கிளம்பினோம்.

அம்பை சொன்னபடி அப்பா சித்தப்பா வீட்டில்தான் படுத்திருக்கிறார். பகலில் சித்தப்பா வீட்டு மதினி கூடவே போய் வீட்டைத் திறந்துவிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார், அப்புறம் எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டார் என்று சொன்னாள். இனி மாதம் ஒரு தடவை வருகிறேன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். என்னிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

திரும்பும்போது அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏறியதும் பையைத் திறந்து ஒரு துணி மூட்டையை என்னிடம் கொடுத்தார். அம்மாவின் வெற்றிலை உரல். இரும்பு, உள்ளங்கையில் அடங்கும், பிடிக்கிற இடம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எதற்கப்பா, நம் வீட்டில்தான் உரல் இருக்கிறதே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுல மொளகு வாசம் வருது தாயி."

ஒன்பது மாதம் அந்த வெற்றிலையைத்தான் போட்டிருக்கிறார். முன்னாலேயே சொல்லக்கூடாதா என்றேன். "நீ ஆபீஸ் விட்டு வந்து அலுப்போட இடிக்கிய, அதுல என்னத்த சொல்ல" என்றார்.

அன்று ராத்திரி அம்மா உரலில் இடித்துக் கொடுத்தேன். சத்தமே வேறு, கொஞ்சம் மணி அடிப்பதுபோல் இருக்கிறது. வாசலில் வந்து நின்று வாங்கி வாயில் போட்டார். மெதுவாக மென்றார். பிறகு, "சுண்ணாம்பு கூடிட்டு" என்றார்.

மறுநாள் குறைத்துப் போட்டேன். சரியாக இருக்கிறதாம்.