பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். சிங்கப்பூர் மரினா பேயில் இருக்கும் கலை அறிவியல் அருங்காட்சியகத்தில் 2018இல் தெருக்கலைக் கண்காட்சி நடந்ததே, போனவர்கள் இருக்கிறீர்களா? நான் எடுத்த படங்கள் பழைய கைப்பேசியோடு போய்விட்டன. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளின் கலைப் பாடத்துக்கு வேண்டும். தெருச்சுவர் ஓவியம் கூரைக்குள் வந்தால் எதை இழக்கிறது என்று எழுதுகிறாள், நல்ல கேள்வி.

சுவரோவியக் கலைஞர் யிப் இயூ சோங் 2015இல் எவர்ட்டன் சாலையில் வரைந்த தொடக்ககால ஓவியத்தைப் போன சனிக்கிழமை பார்த்தோம். துணி துவைக்கும் பணிப்பெண்ணின் ஓவியம் அது. தொட்டால் வண்ணத்துக்கு அடியில் சுவரின் சொரசொரப்பு விரலில் தட்டுகிறது. மாமியார் அங்கிருந்து நகரவே இல்லை.

அந்தச் சுவர் புதிதாக இருந்தபோது எடுத்த படமும் கிடைத்தால் பேருதவி. கண்காட்சிப் படங்களில் விளக்க அட்டை தெரிந்தால் இன்னும் நல்லது. அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் தேடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.