புதுப்பிப்பு: 38 பிள்ளைகள், 12 மட்டை, பக்கத்து வீட்டு வளவு

காரைக்குடிப் பக்கம் பி.டி. வாத்தியார், ஏழாம் வகுப்புக்கு டென்னிஸ் ஆரம்பித்தேன், அடித்த பந்தெல்லாம் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு வளவில் விழுகிறது, என்ன செய்ய என்று போன மாதம் கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

சிறுபிள்ளைகள் பழகுவதற்கான சிவப்புப் பந்து வாங்கச் சொன்னவர்களுக்குப் பெரிய நன்றி. சாதாரணப் பந்தைவிட வேகம் சுமார் 75 சதவீதம் குறைவு, அதனால் பந்து வருவதைப் பார்த்து, நகர்ந்து, அடிக்கப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கிறது. செம்மண்ணில் 11 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலைக்குப் பதில் 80 செ.மீ. உயரத்தில் கொடிக்கயிறு கட்டினேன். போதும்.

முதல் நாளே சர்வ் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடி) சொல்லிக்கொடுத்தது என் தப்புதான். இப்போது முதலில் மட்டைமேல் பந்தை வைத்து நடை, அப்புறம்தான் அடி. பிடிதான் பெரிய பாடு, பாதிப்பேர் தோசைக்கரண்டி மாதிரிப் பிடித்தார்கள். மட்டையின் முகத்தில் உள்ளங்கையை ஒட்டி வைத்து அப்படியே கைப்பிடிவரை இறக்கச் சொன்னேன், ஃபோர்ஹேண்ட் பிடி, அதாவது மட்டை பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பிடி, தானாக அமைந்துவிட்டது.

மட்டைக்கு மூன்று பேர்: ஒருவர் பந்தைப் போட, ஒருவர் அடிக்க, ஒருவர் பிடிக்க, பத்துப் பந்துக்கு ஒருமுறை மாற்றம். மிச்சம் இரண்டு பேர் எண்ணுகிறார்கள், அதற்கும் சண்டை.

நேற்று அந்த வீட்டு ஆச்சி வாசலில் நின்று, “என்ன தம்பி, இந்த வாரம் ஒரு பந்துகூட வரலையே, விளையாட்டை நிப்பாட்டிட்டியளா?” என்றார்.

அடுத்து பேக்ஹேண்ட், அதாவது மறுபக்கம் வரும் பந்தை அடிப்பது. அதை ஒரு கையில் தொடங்குவதா, இரண்டு கையிலா? சொல்லுங்கள்.